கூழ் விட்டுப் பிசைந்த ரொட்டி

எங்கள் வீட்டில் ரொட்டி காய்ச்சல்காரர்களின் உணவாகத்தான் இருந்தது. யாருக்காவது உடம்பு சுட்டால், அப்பா தெருமுனைப் பேக்கரியிலிருந்து மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி ஒன்றை வாங்கி வருவார். அம்மா அதன் ஓரங்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, சூடான பாலில் சர்க்கரை போட்டு ஊறவைத்து, கரண்டியால் ஊட்டிவிடுவாள். மதுரைக்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்களின் மஞ்சள் பையில் நான்கு சாத்துக்குடியும் ஒரு ரொட்டியும் இருந்தே தீரும். நல்ல உடம்போடு இருக்கிற ஒருவர் ரொட்டியைச் சாப்பாடாக நினைத்துச் சாப்பிடுவதை என் சிறுவயதில் நான் பார்த்ததே இல்லை. பன் வேறு கணக்கு. அது டீயோடு சேர்ந்தது; அதைச் சாப்பிட யாருக்கும் காரணம் வேண்டியதில்லை.

அப்பாவும் அப்படித்தான். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், மாலை ஐந்து மணிக்கு டீக்கடைக்குப் போய் ஒரு பன்னை டீயில் முக்கிச் சாப்பிடுவது அவருக்குத் தவறாத வழக்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குச் சர்க்கரை நோய் உறுதியானபோது, மருத்துவர் முதலில் நிறுத்தச் சொன்னது மைதாவைத்தான். அப்பா மறுபேச்சு பேசாமல் பன்னை விட்டுவிட்டார். ஆனால் வெறும் டீயை மட்டும் குடித்துவிட்டு வருகிறவரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உறையில் கோதுமைக் கதிர் படம் போட்ட பழுப்பு ரொட்டி ஒன்றைக் கடையில் தேடிப் பிடித்து வாங்கி வந்து, இரண்டு துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எனக்கு என்னத்தா, காய்ச்சலா?" என்று கேட்டார்.

அன்று இரவு அந்த உறையின் பின்புறத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். உணவுப் பொருள் உறைகளில், எடையில் எது அதிகமோ அதை முதலில் எழுதி, குறைந்ததைக் கடைசியில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த ரொட்டியின் பட்டியலில் முதலில் இருந்தது ‘சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு’. மைதாவுக்கு இருக்கும் மரியாதையான பெயர் அது. முழுக்கோதுமை மாவு வெகுவாகத் தள்ளி, சர்க்கரைக்கு அருகில் நின்றது. பழுப்பு நிறம் தவிட்டிலிருந்து வந்ததன்று. 150 என்ற எண்ணில் தொடங்கும் கேரமல் நிறமியிலிருந்து வந்தது. எந்த மாவைத் தவிர்க்கச் சொன்னார்களோ அதையே நிறம் மாற்றி என் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தபோது எழுந்த கோபத்தில்தான், ரொட்டியை வீட்டிலேயே சுடுவது என்று முடிவெடுத்தேன்.

ரொட்டியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் முதலில் கண்ணில் பட்டது 2016ஆம் ஆண்டுச் செய்தி. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் வாங்கிய ரொட்டி, பன், பீட்சா உள்ளிட்ட 38 மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 84 விழுக்காட்டில் பொட்டாசியம் புரோமேட்டோ பொட்டாசியம் அயோடேட்டோ இருப்பதாக அந்த ஆண்டு மே மாதம் அறிவித்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் புரோமேட்டை அதற்கு முன்பே சேர்த்திருந்தது. அடுத்த மாதமே நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் புரோமேட்டைத் தடை செய்தது. அந்தக் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் அதை ஏன் மாவில் சேர்த்தார்கள் என்ற கேள்விக்கான விடைதான் எனக்குப் பயன்பட்டது. பிசைந்த மாவு தானாக முறுக்கேறி வலுப்பெறப் பல மணி நேரம் ஆகும். புரோமேட் அந்த வேலையைச் சட்டென்று முடித்துக் கொடுக்கும். 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட்டில் உருவாக்கிய முறையும் காலத்தைக் குறைப்பதற்கென்றே பிறந்தது. அதிவேக இயந்திரத்தில் சில நிமிடங்கள் அடித்தே மாவைப் பக்குவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். வீட்டில் சுடுகிறவரிடம் அந்த இயந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. நேரம் ஒன்றுதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, ஓர் இரவு முழுக்க மாவைக் காத்திருக்க வைப்பது எனக்குச் சிரமமாகவே தோன்றியதில்லை.

கோதுமையைக் கீழமாசி வீதியில் வாங்குகிறேன். கல், பதர் பொறுக்கி, இரண்டு தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் வேட்டி விரித்து ஒரு முழுநாள் காயவைத்து, செல்லூரில் இருக்கும் மில்லுக்குத் தூக்கிப் போவேன். மில்லில் கேட்க வேண்டிய முதல் கேள்வியைப் பத்து வயதுப் பிள்ளைகூட அறியும்: கல்லில் கடைசியாக என்ன அரைத்தார்கள்? மிளகாயோ மல்லியோ அரைத்த கல்லில் உடனே கோதுமையைக் கொட்டினால், அந்த மாவில் சுடும் எல்லாமே இருமும். பட்டை ஓடும் சத்தத்துக்கு நடுவே, தகரக் குழாயில் கட்டிய துணிப்பையிலிருந்து மாவு வந்து விழும்போது, கைவைத்துப் பார்த்தால் குளித்து வந்த குழந்தையின் உடம்பு போல அவ்வளவு கதகதப்பாக இருக்கும். "வீட்டுக்குப் போனதும் விரிச்சு ஆறப் போடுங்கக்கா, வெக்கையோட மூடுனா மாவு வேர்த்துப் போகும்" என்று மில்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார், முதன்முறையாகச் சொல்வதைப் போலவே.

அந்த வெக்கைக்கும் ரொட்டிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கல்லின் அழுத்தத்திலும் சூட்டிலும் கோதுமையின் மாவுச்சத்துத் துகள்களில் கணிசமானவை உடைந்துபோகின்றன. உடைந்த துகள் உடையாத துகளைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். நம் சப்பாத்தி மாவு அவ்வளவு தண்ணீர் வாங்குவதும், சுட்ட சப்பாத்தி மெத்தென்று இருப்பதும் இதனால்தான். ஆகவே, உருளை ஆலையில் அரைத்த வெளிநாட்டு மாவுக்கு எழுதிய அளவை இந்த மாவுக்குப் போட்டால் ரொட்டி வறண்டு போகும். 500 கிராம் மாவுக்கு 325 கிராம் தண்ணீர் என்று அந்தக் குறிப்புகள் சொல்லும். செல்லூர் மில் மாவுக்கு 375 முதல் 400 கிராம் வரை விட வேண்டியிருக்கிறது. முளைக்கருவில் எண்ணெய் இருப்பதால் முழுமாவு சீக்கிரம் காறல் அடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே தடவையில் மூன்று கிலோவுக்கு மேல் நான் அரைப்பதில்லை.

இவை எதுவும் தெரியாமல்தான் முதல் ரொட்டியைச் சுட்டேன். கத்திரி வெயில் நேரம். ஒன்றரை மணி நேரத்தில் மாவு இரு மடங்காகும் என்று குறிப்பில் இருந்ததால், மூடிவைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்தேன். திரும்பி வந்து திறந்தபோது, மாவு எழும்பி, உச்சிக்குப் போய், மறுபடி அமுங்கி, பாத்திரத்தின் சுவரில் ஒரு வளையத்தை மட்டும் விட்டுவிட்டுக் கீழே கிடந்தது. கள்ளின் வாடை முகத்தில் அடித்தது. அதையே அச்சில் போட்டுச் சுட்டேன். செங்கல்லைவிட அரை விரல் உயரம் குறைவாக ஒன்று வெளியே வந்தது. அம்மா அதைக் குறை சொல்லவில்லை. மெல்லிய துண்டுகளாக அறுத்து, வெயிலில் காயவைத்து, தோசைக்கல்லில் வாட்டி ரஸ்க் ஆக்கிவிட்டாள்.

குறிப்பை எழுதியவரின் அடுக்களை 22 டிகிரியில் இருந்திருக்கும். என்னுடையது மே மாதத்தில் 35 டிகிரி. வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இட்லி மாவுக்கு இந்தக் கணக்கை நாம் யாரும் காகிதத்தில் எழுதி வைப்பதில்லை. மார்கழியில் சாயங்காலமே அரைத்துக் கதகதப்பான மூலையில் வைக்கிறோம், சித்திரையில் படுக்கப் போகும்போது அரைத்துப் பாதி ராத்திரியில் எழுந்து பார்க்கிறோம். ரொட்டி என்றவுடன் அந்த அறிவையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் கடிகாரத்தை நம்பினேன் பாருங்கள், அதுதான் பிழை.

இப்போது வெயில் காலத்தில் 500 கிராம் மாவுக்கு 2 கிராம் உலர் ஈஸ்ட் போதும் என்று வைத்திருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் 5 கிராம். தண்ணீர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர் கையைச் சுடும். அதில் பிசைந்தால் மாவு பொங்கி அடங்குவதற்குள் அதற்கு ருசி ஏறாது. வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீரில்தான் பிசைகிறேன். மாவு எழும்பிவிட்டதா என்பதை விரல் சொல்லும். ஈரவிரலால் ஒரு குழி போட்டால், குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக, பாதி மட்டும் மேலெழும்பி நின்றால் அடுப்புக்குத் தயார். அப்படியே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது.

பிசைவதை நான் இரண்டு இடங்களில் கற்றேன், இரண்டும் ரொட்டி சுடும் இடங்களல்ல. ஒன்று, என் பாட்டியின் அல்வா. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் அரைத்து, பிழிந்து பிழிந்து பால் எடுத்த பிறகு, அவள் கையில் மிஞ்சும் சக்கை ரப்பர் மாதிரி இழுபடும். நாங்கள் பிள்ளைகள் அதை வாங்கி இழுத்து விளையாடுவோம். பாலில் போனது மாவுச்சத்து. கையில் மிஞ்சி இழுபட்டது, தவிட்டோடு ஒட்டிய குளூட்டன். ரொட்டியைத் தாங்கி நிறுத்தும் கூரை அதுதான். கோதுமையில் இருக்கும் இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகின்றன; ஈஸ்ட் விடும் வாயு அந்த வலைக்குள் சிறு சிறு குமிழ்களாகச் சிக்குகிறது. இட்லியில் இந்த வேலையை உளுந்தின் கொழகொழப்பு செய்கிறது.

இன்னொன்று, எங்கள் தெருவின் பரோட்டாக் கடை. மாலையில் அந்த மாஸ்டர் மாவு அடிப்பதைப் பல நாள் நின்று பார்த்திருக்கிறேன். பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி ஊறவிடுவார். உருண்டை பிடித்து எண்ணெயில் மறுபடி ஊறவிடுவார். பிறகு கல்லில் அடித்து வீசும்போது, அந்த மாவு குழல்விளக்கின் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு விரியும், கிழியாது. என் மாவு ஏன் கிழிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "அவசரப்பட்டா கிழியத்தான்க்கா செய்யும். ஊற விட்டீங்கன்னா அதுவே வளைஞ்சு குடுக்கும்" என்றார். மேல்நாட்டு ரொட்டிக்காரர்கள் மாவை விரலிடையில் விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பதம் பார்ப்பதைப் பின்னாளில் படித்தபோது, இதை நம் ஊரில் ஒருவர் நாளொன்றுக்கு முந்நூறு தடவை செய்கிறாரே என்று தோன்றியது.

முழுக்கோதுமையில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. தவிட்டின் கூர்மையான ஓரங்கள் குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். மைதா ரொட்டி உயரமாக எழுவதும், முழுமாவு ரொட்டி அடங்கி நிற்பதும் இதனால்தான். இதற்கு நான் கண்ட வழி, மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, ஈஸ்ட்டும் உப்பும் சேர்க்காமல், நாற்பது நிமிடம் ஊறவிடுவது. தவிடு ஈரம் ஏறி மெத்தென்றாகிறது. குளூட்டன் வலை கையுழைப்பு இல்லாமலே பாதி பின்னிக்கொள்கிறது. பிரெஞ்சு ரொட்டி ஆசிரியர் ரேமோன் கால்வெல் 1970களில் இதை ஒரு முறையாக வகுத்துப் பரப்பினார். பரோட்டா மாஸ்டரின் ‘ஊற விடுங்கக்கா’வும் அதுவே.

உப்பைப் பற்றி ஒரு சொல். 500 கிராம் மாவுக்கு 10 கிராம். ஒருநாள் அதை மறந்துவிட்டேன். மாவு தறிகெட்டு வேகமாக எழும்பியது, கையில் ஒட்டியது, சுட்டபின் வாயில் வைக்க விளங்கவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது ருசியை மட்டும் குறித்த பழமொழி அன்று. ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும், குளூட்டனை இறுக்குவதும் உப்புதான்.

இனி, கூழுக்கு வருகிறேன். முழுக்கோதுமை ரொட்டி ஓரளவு கைக்கு வந்த பிறகும் அதில் எனக்கு ஒரு குறை இருந்தது: அடுத்த நாளே உதிர்ந்தது. அப்பா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். கேப்பையும் கம்பும் தின்று வளர்ந்தவர். அவருக்காகக் கோதுமையோடு கேப்பை மாவைக் கலந்து பார்த்தேன். கால்பங்கு கலந்தபோது ரொட்டி எழவே இல்லை. கேப்பை, கம்பு, சோளம், குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. கலக்கக் கலக்க வலையில் ஓட்டை விழும். குறைத்துக் குறைத்துப் பத்தில் ஒரு பங்குக்கு வந்தேன். எழும்பியது, ஆனால் நரநரவென்று இருந்தது.

ஒரு காலையில், அப்பா குடித்து மிஞ்சிய கேப்பைக் கூழ் ஒரு கிண்ணம் அளவுக்குச் சட்டியில் இருந்தது. கொட்ட மனம் வரவில்லை. மாவுக்கு விடவேண்டிய தண்ணீரில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு அந்தக் கூழை விட்டுப் பிசைந்தேன். முதலில் கையெல்லாம் ஒட்டியது; பத்து நிமிடம் பொறுமையாக மடித்து மடித்துப் பிசைந்த பிறகு மாவு பளபளப்பாகத் திரண்டு, சட்டியை விட்டுத் தானாகக் கழன்று வந்தது. அன்று சுட்ட ரொட்டியை அறுத்தபோது உள்ளே ஈரப்பதமாகவும் மென்மையாகவும், கரிசல் மண்ணுக்கும் செம்மண்ணுக்கும் இடைப்பட்ட ஒரு நிறத்திலும் இருந்தது. மூன்றாம் நாளும் உதிரவில்லை.

காரணத்தைப் பிறகு அறிந்தேன். மாவுச்சத்தைத் தண்ணீரில் காய்ச்சும்போது, 65 டிகிரியை ஒட்டி அதன் துகள்கள் நீரை இழுத்துப் பருத்துக் கொழகொழப்பாகின்றன. அப்படிப் பூட்டிய நீரை அவை எளிதில் விடுவதில்லை. சுட்ட பிறகும் ரொட்டிக்குள் ஈரம் தங்குகிறது. ஜப்பானிலும் சீனத்திலும் பஞ்சு போன்ற பால் ரொட்டிக்கு மாவில் ஒரு பகுதியை முன்கூட்டியே காய்ச்சியோ, வெந்நீரில் கிளறியோ சேர்ப்பது இதற்காகத்தான். பச்சை மாவாகச் சேர்த்தபோது நரநரத்த கேப்பை, கூழாகச் சேர்த்தபோது ரொட்டிக்கு ஈரமும் மணமும் கொடுக்கிறது.

நான் இப்போது செய்யும் அளவைச் சொல்கிறேன். 60 கிராம் கேப்பை மாவை 240 கிராம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிண்டிக்கொண்டே காய்ச்சி, கூழ் 270 கிராம் எடைக்கு வந்ததும் இறக்கிவிடுவேன். தராசில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமானது. கூழின் பதத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ரொட்டி வரும். 440 கிராம் கோதுமை மாவை 180 கிராம் தண்ணீரோடும் ஆறிய கூழோடும் பிசறி நாற்பது நிமிடம் ஊறவிட்டு, பிறகு 10 கிராம் உப்பு, காலத்துக்கேற்ற ஈஸ்ட், இடித்த கருப்பட்டி 20 கிராம், செக்கு நல்லெண்ணெய் 20 கிராம் சேர்த்துப் பிசைவேன். கூழ் ஆறியிருக்க வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். விருந்தாளி வருகிறார்கள் என்ற அவசரத்தில் ஒருநாள் சூடான கூழைக் கொட்டிவிட்டேன். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். அன்று மாலை வரை மாவு அசையவே இல்லை. கம்பிலும் இதே கூழ் முறை நடக்கும். ஆனால் கம்பு மாவில் எண்ணெய் அதிகம், அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். அன்றன்று அரைத்தால் மட்டும் கம்பு.

மாவு முதல் தடவை எழும்பியதும் மெதுவாக அமுக்கி, சுருட்டி, எண்ணெய் தடவிய அச்சில் மடிப்பு கீழே இருக்குமாறு வைத்து, பழைய சுங்குடிச் சேலைத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து மூடுவேன். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் இந்தத் துணி அவசியம். மூடாமல் விட்ட மாவின் மேற்பரப்பு பத்தே நிமிடத்தில் தோல் கட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு அது மேலே எழும்பாது, பக்கவாட்டில் வெடிக்கும்.

சுடுவதற்கு என்னிடம் இருப்பது ஒரு சிறிய மேசை ஓவன். அதன் குமிழ் காட்டும் 200 டிகிரி உண்மையில் 175 என்பதை, தனியே ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வைத்த பிறகே அறிந்தேன். அதுவரை வெந்தும் வேகாத பல ரொட்டிகளுக்கு மாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அச்சு ரொட்டிக்கு நிஜமான 200 டிகிரியில் நாற்பது நிமிடம். உருண்டை ரொட்டி என்றால் மானாமதுரை மண்சட்டி ஒன்றை மூடியோடு உள்ளே வைத்து, ஓவனோடு சேர்த்தே மெதுவாகச் சூடேற்றி, மாவை அதற்குள் இறக்கி மூடிவிடுவேன். முதல் இருபது நிமிடம் மாவிலிருந்து வெளியேறும் நீராவி சட்டிக்குள்ளேயே சுற்றுவதால் மேல்தோல் இளக்கமாக இருக்கும், ரொட்டி தாராளமாக எழும்பும். பிறகு மூடியைத் திறந்தால் தோல் சிவந்து முறுகும். ஓவன் இல்லாதவர்கள் கனத்த குக்கரின் அடியில் கல்லுப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, நடுவே ஒரு தாங்கி வைத்துச் சுடலாம்; என் தங்கை அப்படித்தான் செய்கிறாள், மேலே சிவக்காது என்பதைத் தவிர குறையொன்றும் இல்லை.

வெந்துவிட்டதா என்று பார்க்க ரொட்டியைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்ட வேண்டும். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே கைதான். வேகாத ரொட்டி ‘தொப்’ என்னும். வெந்தது ‘டொக் டொக்’ என்று உள்ளே வெறுமையோடு பேசும். ஐயம் இருந்தால் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்க்கலாம். 93 முதல் 96 டிகிரி வந்திருக்க வேண்டும்.

சுட்டதும் அறுக்கக் கூடாது. மணம் வீடெல்லாம் நிறைந்து, பிள்ளைகள் தட்டோடு வந்து நிற்கும் அந்த நேரத்தில் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனால் உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது, கத்தி வைத்தால் பிசுபிசுவென்று கத்தியோடு வரும். இரண்டு மணி நேரம் கம்பித் தட்டில் ஆற வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும் ரொட்டியை வைக்காதீர்கள். வெளியில் இருப்பதைவிட அங்கே அது வேகமாகக் கெட்டித்துப் போகும். இரண்டு நாளைக்கு வேண்டியதைத் துணியில் சுற்றி வெளியே வைத்துக்கொண்டு, மீதியைத் துண்டுகளாக்கி உறைபெட்டியில் போட்டால், தோசைக்கல்லில் வாட்டும்போது புதிது போலவே வரும்.

கடை ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கால்சியம் புரோபியோனேட் சேர்க்கிறார்கள். நம் ரொட்டியில் அது இல்லை. மதுரையின் வெக்கையில் மூன்றாம் நாளுக்கு மேல் வெளியே வைக்க முடியாது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேடு ஒன்று இருக்கிறது. மண்ணிலிருந்து தானியத்தோடு வரும் ஒருவகைப் பாக்டீரியாவின் விதைகள் ஓவன் சூட்டிலும் சாகாமல் ரொட்டியின் நடுவில் தங்கி, வெப்பமான நாட்களில் பெருகும். ரொட்டியைப் பிட்டால் நூல் நூலாக இழுபடும். கனிந்து அளிந்த பழத்தின் இனிப்பு வாடை அடிக்கும். ஒரு மே மாதத்தில் எனக்கு இது நேர்ந்தது. அந்த ரொட்டியைத் தூக்கியெறிந்து, பாத்திரங்களையும் மேடையையும் வினிகர் போட்டுக் கழுவினேன். புளிப்பு அந்தப் பாக்டீரியாவுக்குப் பகை.

அதனால்தான் வெயில் காலத்தில் புளித்த மாவு ரொட்டிக்கு மாறிவிடுகிறேன். சவர்டோ என்று பெரிய பெயரில் விற்கும் இதற்கு வேண்டியது கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே. சம எடையில் கலந்து வைத்து, நாள்தோறும் பாதியை எடுத்துவிட்டுப் புதுமாவு கொடுத்து வந்தால், ஒரு வாரத்தில் மாவிலேயே இருக்கும் ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாக்களும் குடியேறிவிடும். மதுரையில் காலை, மாலை இருவேளையும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பசித்துப் புளித்துத் தண்ணீர் விட்டுவிடும். இரண்டாம் நாளே அது பொங்குவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது ஈஸ்ட் அல்ல, பெரும்பாலும் லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா வகை. நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதே கூட்டம்தான். அது அடங்கிய பிறகே ஈஸ்ட் தலையெடுக்கும். நீண்ட நேரம் புளிக்கும்போது தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் சிதைந்து, அது பிடித்து வைத்திருக்கும் இரும்பும் துத்தநாகமும் உடம்பில் சேர ஏதுவாகிறது. என் உறைமாவுக்கு இப்போது மூன்று வயது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவர் உறைமோருக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

முழுக்கோதுமை ரொட்டியால் சர்க்கரை நோய் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அதிலும் மாவுச்சத்து இருக்கிறது. அப்பாவுக்கு மாலையில் ஒரு துண்டுக்கு மேல் நான் கொடுப்பதில்லை, மாத்திரையும் நடையும் அப்படியே தொடர்கின்றன. ஆனால் அந்த ஒரு துண்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் அதை டீயில் முக்குவதில்லை. வெங்காயமும் பூண்டும் வதக்கி அம்மா அரைக்கும் துவையலைத் தடவிக்கொள்கிறார், கறிக்குழம்பு வைத்த நாளில் குழம்பைத் தொட்டுக்கொள்கிறார். கூழ் விட்ட ரொட்டி என்றால் முனைத்துண்டு அவருக்குத்தான் என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

நாளைக்கு மில்லுக்குப் போகவேண்டும். காலையில் அலசிய கோதுமை மாடியில் காய்கிறது. அப்பா தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு, கையில் ஒரு கம்போடு உட்கார்ந்து, காக்கையும் புறாவும் அண்டாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறார். சற்று முன் மேலே போய்ப் பார்த்தபோது, இரண்டு மணிகளைப் பல்லிடையில் வைத்துக் கடித்து, "இன்னும் ஒரு மணி நேர வெயில் வேணும்த்தா" என்றார்.